மருத்துவமனையான பேரவையும் நூலகமாகவே நின்ற நூலகமும்: சென்னையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

லிஃப்டின் உள்ளளவு 1.4 மீட்டருக்கு 1.1 மீட்டர். நாங்கள் கொண்டுபோயிருந்த ஸ்ட்ரெச்சரின் நீளம் 2.1 மீட்டர். மூலைக்கு மூலை வைத்தாலும் 1.8 மீட்டருக்கு மேல் இடம் கிடையாது. உடன் வந்திருந்த வார்டு உதவியாளர் தலைப்பக்கத்தைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார். "ஆள் படுத்திருந்தால் இப்படித் தூக்க முடியாது, சார்" என்று சொல்லிவிட்டு மெதுவாக இறக்கி வைத்தார்.

வடபழனியில் உள்ள ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் அது. ஒரு மென்பொருள் நிறுவனம் காலி செய்துவிட்டுப் போன இடம். அதைச் சிறிய மருத்துவமனையாக மாற்றித் தர வேண்டும் என்று ஒரு மருத்துவர் தம்பதி எங்களிடம் வந்திருந்தார்கள். வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகி, முன்பணமும் கைமாறிவிட்டது. அதன் பிறகுதான் கட்டடக் கலைஞரைத் தேடியிருக்கிறார்கள். கண்ணாடி முகப்பு, பளிங்குத் தரை, ஜெனரேட்டர், வண்டி நிறுத்த இடம் எல்லாம் இருக்கின்றன. உள்ளே கட்டில் போடுவதுதானே பாக்கி என்பது அவர்கள் எண்ணம்.

நான் வேலை செய்யும் நிறுவனம் சென்னையில் பல ஆண்டுகளாகப் பொதுக் கட்டடங்களும் வணிகக் கட்டடங்களும் வடிவமைத்து வருகிறது. வங்கிக் கிளை, கல்லூரி, கடை வளாகம், உள்ளாட்சி அலுவலகம் என்று எல்லாம் செய்திருக்கிறோம். புதிதாகக் கட்டுவதைவிட, ஒன்றுக்காகக் கட்டியதை இன்னொன்றாக மாற்றும் வேலைதான் இப்போது அதிகம் வருகிறது. அப்படிப்பட்ட ஒவ்வொரு வேலையின் தொடக்கத்திலும் எங்கள் இளைய வடிவமைப்பாளர்களுக்கு இந்த ஊரின் இரண்டு கட்டடங்களைப் பற்றிச் சொல்கிறேன்: அண்ணா சாலை ஓமந்தூரார் தோட்டத்தில் கட்டிய சட்டப்பேரவை வளாகம், கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகம். இரண்டும் 2010-ல் திறக்கப்பட்டவை. இரண்டையும் மருத்துவமனையாக மாற்றப் போவதாக 2011-ல் அறிவிப்பு வந்தது. ஒன்று மாறியது. மற்றொன்று மாறவில்லை. அரசியல் காரணங்களை எல்லோரும் பேசித் தீர்த்துவிட்டார்கள். கட்டடங்கள் தம் அமைப்பால் என்ன சொல்லின என்பதை எழுதவே இந்த ஆய்வு.

2010: இரண்டு திறப்பு விழாக்கள்

ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1753-ல் கும்பினி அரசு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, இங்கிருந்த தோட்ட வீட்டை ஆளுநருக்காக வாங்கியது. அதன் அருகே ஜான் கோல்டிங்ஹாம் வடிவமைத்த விருந்து மண்டபம் 1802-ல் எழுந்தது. இராஜாஜி மண்டபம் என்று நாம் அழைப்பது அதைத்தான். படிக்கட்டும் தூண்களுமாக அது இன்றும் நிற்கிறது. பழைய கவர்னர் மாளிகையோ புதிய சட்டப்பேரவை வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

புதிய வளாகத்தை வடிவமைத்தவர்கள் ஜெர்மனியின் ஜி.எம்.பி. நிறுவனத்தார். மைன்ஹார்ட் ஃபான் கெர்கானும் ஃபோல்க்வின் மார்கும் 1965-ல் தொடங்கிய நிறுவனம். பெர்லினின் டேகல் விமான நிலையமும் 2006-ல் திறந்த பெர்லின் மத்திய ரயில் நிலையமும் அவர்கள் கைவண்ணம். பெருங்கூட்டம் புழங்கும் பொதுக் கட்டடங்களில் தேர்ந்தவர்கள். அண்ணா சாலையில் அவர்கள் வரைந்தது வரிசையாகக் கோத்த வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு முற்றம் அல்லது மண்டபம்; சுற்றிலும் அறைகள். மேலிருந்து பார்த்தால் வாசலில் புள்ளி வைத்துச் சுழித்த கோலம் நினைவுக்கு வரும். தலைவர்களும் அதிகாரிகளும் மக்களும் வந்து கலையும் இடத்துக்கு வட்டம் பொருத்தமான உருவம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

2010 மார்ச் 13-ல் பிரதமர் மன்மோகன் சிங் அதைத் திறந்து வைத்தார். குவிமாடம் அன்று முடிந்திருக்கவில்லை. கலை இயக்குநர் தோட்டா தரணி விழாவுக்காகத் தற்காலிகக் குவிமாடம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். தேதிக்காகக் கட்டடத்தை அவசரப்படுத்துவது எங்கள் தொழிலில் எல்லோரும் படும் பாடு. முடியாத கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டிவிட்டால், பிறகு யார் வந்தாலும் 'இது இன்னும் முடியவில்லை, வேறு ஏதாவது செய்யலாம்' என்று நினைக்க வழி பிறந்துவிடுகிறது. இந்தக் கட்டடத்துக்கு அதுவும் நேர்ந்தது என்றே கருதுகிறேன்.

அதே ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. சென்னையின் சி.ஆர். நாராயண ராவ் நிறுவனத்தின் வடிவமைப்பு. எட்டு ஏக்கர் நிலம், தரைத்தளமும் எட்டு மாடிகளும், ஏறத்தாழ 3.75 லட்சம் சதுர அடி. 12 லட்சம் நூல்கள் வைக்கும் கொள்ளளவு. 1,280 பேர் அமரும் அரங்கம். தரைத்தளத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவு. சொந்தப் புத்தகத்தோடு வருபவர்களுக்குத் தனிக் கூடம். முதல் மாடியில் குழந்தைகள் பகுதி, நடுவில் கிளை விரித்த செயற்கை மரம். என் மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது அந்த மரத்தின் அடியில்தான். இந்தக் கட்டடத்தைப் பற்றி நான் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. பேரவை புனித ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. ஆகஸ்டில், ஓமந்தூரார் வளாகம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகும் என்று அறிவிப்பு வந்தது. நவம்பரில், அண்ணா நூலகம் நுங்கம்பாக்கம் கல்வித் துறை வளாகத்துக்கு இடம் மாறும், கோட்டூர்புரக் கட்டடம் குழந்தைகள் மருத்துவமனையாகும் என்று இன்னொரு அறிவிப்பு. நூலக மாற்றத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் சில நாட்களிலேயே தடை விதித்தது. பேரவை வளாகம் வழக்குகளையெல்லாம் கடந்து 2014 பிப்ரவரி 21-ல் 400 படுக்கைகளோடு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது.

தளம் தாங்கும்

நூலகத்தை மருத்துவமனையாக்க முடியுமா என்று யாரைக் கேட்டாலும் முதலில் வரும் கேள்வி, "கட்டடம் தாங்குமா?" என்பதுதான். தாராளமாகத் தாங்கும். இந்தியத் தர நிர்ணயத்தின் 875-ஆம் எண் விதித்தொகுப்பு, எந்தப் பயனுக்குத் தளம் எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. மருத்துவமனை வார்டுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன். நம் கணக்கில் ஏறத்தாழ 200 கிலோ. அறுவை அரங்குக்கும் எக்ஸ்ரே அறைக்கும் குறைந்தது 3. புத்தக அடுக்கு அறைக்கோ 6. அடுக்கு 2.2 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் மேலேறும் ஒவ்வொரு மீட்டருக்கும் இன்னும் 2. காகிதம் அவ்வளவு கனம். வீடு மாற்றும்போது புத்தகப் பெட்டியைத் தூக்கியவர்களுக்கு இது தெரியும்.

ஆக, அடுக்குகளுக்காகப் போட்ட தளம் வார்டுக்குத் தேவையானதைப் போல மூன்று மடங்கு சுமக்கும். பேரவை போன்ற கூடும் மண்டபங்களுக்கும் 4 அல்லது 5 என்பதே கணக்கு. தூணையும் உத்திரத்தையும் மட்டும் பார்ப்பவர், இரண்டு கட்டடங்களும் மருத்துவமனையாகத் தகுதி உள்ளவை என்று சான்று கொடுத்துவிடுவார். வடபழனிக் கட்டடத்துக்கும் அப்படியொரு சான்று ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்கள். சான்றில் பிழை ஏதும் இல்லை. கேள்விதான் தவறு.

குழாய் கேட்கும் கேள்வி

நூலகத்தில் கழிவறைகள் மாடிக்கு ஓரிரு இடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அமையும். தண்ணீர் புத்தகத்தின் பக்கம் வரவே கூடாது என்பது நூலக வடிவமைப்பின் பாலபாடம். மருத்துவமனையோ தண்ணீரில் ஓடும் கட்டடம். வார்டுக்கு வார்டு கழிவறை, கை கழுவும் தொட்டி, படுக்கைத் தட்டு கழுவும் அறை, ஆய்வகம், டயாலிசிஸ். ஒவ்வொன்றிலிருந்தும் கழிவுநீர் இறங்க வேண்டும். இறங்கச் சரிவு வேண்டும். நான்கு அங்குலக் குழாயை நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவில் 12 மீட்டர் கொண்டுபோனால் 30 சென்டிமீட்டர் இறங்கிவிடும். அந்த 30 சென்டிமீட்டரும் கீழ் மாடியின் கூரைக்கு அடியில் ஓடியாக வேண்டும். கீழ் மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்தால்?

வடபழனியில் எங்களை மடக்கியது இதுதான். மூன்றாம் மாடி வார்டின் கழிவறைகளுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் அறுவை அரங்கைக் குறித்திருந்தோம். வரைபடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அறுவை மேசைக்கு மேலே கழிவுக் குழாய். குழாய் ஒழுகாது என்று எந்தப் பொறியாளரும் எழுதித் தர மாட்டார். அரங்கை நகர்த்தினோம். நகர்த்திய இடத்தில் உத்திரம் தாழ்வு. மீண்டும் நகர்த்தினோம்.

அதோடு முடியவில்லை. சென்னையின் அலுவலகக் கட்டடங்கள் பலவற்றில் தளத்துக்குள் இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் ஓடுகின்றன, தொழிலில் 'பி.டி. தளம்' என்போம். தூண்களுக்கு நடுவே அகலமான திறந்த வெளி கிடைக்க அப்படிப் போடுகிறார்கள். அந்த வடம் பெரும் இழுவிசையில் விறைத்து நிற்கும். தளத்தைத் துளைக்கும்போது ஒன்று அறுந்தால், அந்தப் பகுதியின் பலமே போய்விடும். அதனால் ஸ்கேன் செய்த பிறகுதான் துளையிட வேண்டும். கோர் கட்டிங் மேஸ்திரி தரையில் மண்டியிட்டு, கருவி ஒலித்த இடமெல்லாம் நீலச் சாக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டே போனார். மாலைக்குள் அந்தப் பளிங்குத் தரை முழுக்க நீலக் கோடுகள். நாங்கள் துளை கேட்ட இடங்களில் பாதிக்கு மேல் கோட்டின் மேலேயே விழுந்தன. "இந்தத் தளம் வேண்டாம் என்று சொல்கிறது, சார்" என்றார். அன்று மாலை மருத்துவர் தம்பதிக்கு நான் காட்டியது அந்தத் தரையைத்தான். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்தது காற்று. உயர் சிறப்பு அறுவை அரங்கில் மணிக்குக் குறைந்தது 20 முறை காற்று முழுதாக மாற வேண்டும். அதில் நான்கு முறையாவது புதிய வெளிக்காற்றாக இருக்க வேண்டும். நுண்வடிகட்டி வழியே மேலிருந்து இறங்கி, சுவரின் கீழ்ப்பகுதி வழியே வெளியேற வேண்டும். அரங்கில் காற்றழுத்தம் வெளி வராந்தாவைவிடச் சற்று அதிகமாக இருந்தால்தான் கதவு திறக்கும்போது கிருமி உள்ளே வராது. தொற்றுநோய் அறையில் இதற்கு நேர் எதிர். இத்தனைக்கும் அகலமான காற்றுக் குழல்கள் கூரைக்கு அடியில் ஓட வேண்டும். நூலகத்திலும் பேரவையிலும் ஒரு பெரிய கூடத்துக்கு ஒரே காற்று போதும்; எல்லோரும் அதையே சுவாசிக்கலாம். மருத்துவமனையில் பக்கத்து அறையின் காற்று இந்த அறைக்கு வரவே கூடாது. இருக்கிற ஏ.சி. இயந்திரங்களை வைத்தே சமாளிக்கலாம் என்று கிளம்பும் மாற்றுத் திட்டங்கள் சறுக்குவது இங்கேதான்.

பிறகு நடை. நூலகத்துக்கு ஒரே வாசல் இருந்தால் நல்லது. புத்தகம் பாதுகாப்பாக இருக்கும். மருத்துவமனைக்கு எத்தனை வாசல்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவசரப் பிரிவுக்கு ஆம்புலன்ஸ் வர ஒரு வழி. வெளிநோயாளிகளுக்கு ஒரு வழி. சமையலுக்கும் சலவைக்கும் ஒரு வழி. கழிவு வெளியேற ஒரு வழி. இறந்தவரை, உறவினர் தவிர மற்றவர் கண்ணில் படாமல், மரியாதையோடு கொண்டுபோக ஒரு வழி. இந்தக் கடைசி வழியைப் பற்றி எந்த வாடிக்கையாளரும் எங்களிடம் முதலில் பேசியதில்லை. நாங்கள்தான் கேட்கிறோம்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு கோட்டூர்புரத்தைப் பார்த்தால், உயர் நீதிமன்றத்தின் தடை வாசகர்களை மட்டும் காப்பாற்றவில்லை என்று தோன்றும். மாற்றம் நடந்திருந்தால் நூலகம் கலைந்திருக்கும். குழந்தைகளுக்குக் கிடைத்திருப்பதும் நெருக்கடியான மருத்துவமனையாகவே இருந்திருக்கும். பெருங்கூடங்களைத் தடுத்துத் தடுத்து அறைகளாக்க வேண்டும். தடுத்தால் நடு அறைகளுக்குச் சன்னல் இல்லை. பிள்ளைக்கு அருகிலேயே தாய் தங்க வேண்டும் என்பதால் குழந்தைகள் மருத்துவமனைக்கு மற்ற மருத்துவமனையைவிட இடம் அதிகம் வேண்டும். அதுவும் வெளிச்சமான இடம். வாசிப்பதற்காக வைத்த வெளிச்சத்தைத் தடுப்புச் சுவர்கள் விழுங்கியிருக்கும்.

வட்டத்துக்குள் கட்டில்

ஓமந்தூராரில் வேறு சிக்கல். கட்டில் நீள்சதுரம். ஸ்ட்ரெச்சர் நீள்சதுரம். சி.டி. ஸ்கேன் அறை, அறுவை மேசை, மருந்து அலமாரி எல்லாமே நேர்க்கோட்டுப் பொருட்கள். வட்டக் கட்டடத்தில் அறைகள் விசிறி மடிப்புபோல் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகும். நேர்ச்சுவர் வார்டில் பத்துக் கட்டில் போடும் பரப்பில், வளைந்த வார்டில் சில கட்டில்கள் குறையும். மூலைகளில் பயனில்லாத முக்கோணங்கள் எஞ்சும். செவிலியர் தம் மேசையில் இருந்தபடியே எல்லாக் கட்டிலையும் பார்க்க வேண்டும் என்பது வார்டின் அடிப்படை விதி. வளைவு பார்வையை மறைக்கும். வளைந்த வராந்தாவில் நடப்பவருக்குக் கோடி தெரியாது. எதிரே வரும் ஸ்ட்ரெச்சரும் தெரியாது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் உலவிக்கொண்டே பேசிப் போகும் வராந்தாவில் இந்த வளைவு அழகு. அவசர நோயாளியைத் தள்ளிக்கொண்டு ஓடுபவருக்கு அதுவே தடை.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மருத்துவமனை வந்தபின் அங்கே வேலை செய்பவர்கள் அந்தக் கட்டடத்தை உயிருள்ளதாக்கிவிட்டார்கள். என் பெரியம்மாவின் இதயச் சிகிச்சைக்காக ஒரு வாரம் அங்கே இருந்தேன். தனியார் மருத்துவமனையில் எங்கள் குடும்பம் செலவழிக்க முடியாத சிகிச்சை அது. பெரியம்மா இன்றும் நலமாக இருக்கிறார். அந்த ஏழு நாட்களும் வட்டத்தின் நடு முற்றத்து வெளிச்சத்தைக் கவனித்தேன். காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம். வெளிச்சமும் காற்றும் கட்டடத்தின் வயிறு வரைக்கும் வருகின்றன. காத்திருக்கும் உறவினர்கள் வெயில் நகர நகர இடம் மாறி உட்கார்கிறார்கள். நம் நோயாளிக்குக் குறைந்தது இரண்டு பேர் துணை வருவார்கள். அவர்கள் உட்கார இடம் வைக்க மருத்துவமனை வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். மக்கள் பிரதிநிதிகளைச் சந்திக்க வருவோருக்காக வைத்த முற்றம், மக்களுக்கே பயன்பட்டது. ஜி.எம்.பி. செய்த வேலையில் மாற்றத்தைத் தாங்கி நின்றது அந்த முற்றம்தான்.

எது எளிதாக மாறும்

ஓமந்தூரார் தோட்டத்துக்குள்ளேயே இதற்கு நேர் எதிரான சான்றும் இருக்கிறது. வாலாஜா சாலைப் பக்கம் நிற்கும் கலைவாணர் அரங்கம், பழைய அரங்கை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்பட்டது. 2020-ல் கொரோனா பரவியபோது, இடைவெளி விட்டு உட்கார கோட்டையில் இருந்த பேரவை மண்டபத்தில் இடம் போதவில்லை. அந்த செப்டம்பரில் சட்டப்பேரவை கலைவாணர் அரங்கத்தில் கூடியது. மேசை நாற்காலி போட்டார்கள், ஒலிபெருக்கி வைத்தார்கள், பேரவைத் தலைவருக்கு மேடை அமைத்தார்கள், கூட்டம் நடந்தது. சுவர் எதையும் இடித்துக் கட்ட வேண்டியிருக்கவில்லை. தூணில்லாத பெருங்கூடம் எந்தக் கூட்டத்துக்கும் கூடம்தான். சில நூறு அடி தூரத்தில், பேரவைக்காகவே கட்டிய கட்டடத்தில், அதே நேரம் கொரோனா நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது.

அண்ணா சாலையிலேயே இன்னும் பழைய சான்று எல்.ஐ.சி. கட்டடம். 1953-ல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனம் தொடங்கிய வேலை. 1954-ல் அவர் விமான விபத்தில் இறந்தார். 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. முதலில் வரைந்த இலண்டன் கட்டடக் கலைஞர்கள் பிரவுனும் மௌலினும் இடையில் விலக, எல்.எம். சித்தலே பொறுப்பேற்று முடித்தார். 1959-ல் 177 அடி உயரத்தில் எழுந்து நாட்டின் மிக உயரமான கட்டடமாக நின்றது. முதலாளி மாறினார், கட்டடக் கலைஞர் மாறினார், தனியார் சொத்து அரசு நிறுவனமானது. ஆனாலும் உள்ளே அலுவலகம் அலுவலகமாகவே இருந்தது. அதனால் திட்டம் குலையவில்லை. பெயர்ப்பலகை மாறுவது கட்டடத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. உள்ளே நடப்பவர் எப்படி நடக்கிறார் என்பது மாறினால்தான் அதற்கு வலிக்கிறது.

புதிதாகவே கட்டினால் எப்படி இருக்கும் என்பதற்குக் கிண்டியைப் பார்க்கலாம். கிங் ஆய்வக வளாகத்தில் 1,000 படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனைக்கு 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2023 ஜூன் 15-ல் திறக்கப்பட்டது. பதினைந்து மாதம். ஓமந்தூராரில் அறிவிப்பிலிருந்து திறப்பு வரை முப்பது மாதம், 400 படுக்கை. ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இடையில் வழக்குகள் இருந்தன, காலமும் வேறு. இருந்தாலும், 'கட்டடம்தான் தயாராக இருக்கிறதே' என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு கணக்கையும் நான் எடுத்து வைக்கிறேன். மருத்துவமனைக்குத் தூண், தளம், சுவர் என்பவை வேலையின் ஒரு பகுதி மட்டுமே. மீதியெல்லாம் குழாயும் குழலும் கம்பியும். அந்த மீதிக்கு இடம் விட்டுக் கட்டியிருந்தால் வேலை ஓடும். இடமே இல்லாத கட்டடத்தில் ஒவ்வொரு அடிக்கும் போராட வேண்டும்.

எங்கள் மேசையில் என்ன மாறியது

வடபழனியில் கடைசியில் பாதி வேலைதான் செய்தோம். அறுவை அரங்கமும் உள்நோயாளிப் பிரிவும் அங்கே வேண்டாம் என்று மருத்துவர் தம்பதியை ஒப்புக்கொள்ள வைத்தோம். அந்த அம்மா முதலில் மிகவும் வருந்தினார். "முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்களைப் பார்த்திருக்க வேண்டும், தம்பி" என்றார். இப்போது அந்தக் கட்டடம் வெளிநோயாளி மருத்துவமனையாக நன்றாக நடக்கிறது. அலுவலகத்தின் நடை வேறு, மருத்துவ ஆலோசனை அறையின் நடை வேறு என்றாலும் இரண்டும் பகல் நேரத்து நடை. இரண்டிலும் நடந்தே வருகிறார்கள், நடந்தே போகிறார்கள். ஸ்ட்ரெச்சரில் வர வேண்டிய நோயாளியை அவர்கள் வேறு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் நிறுவனத்தில் ஒரு வழக்கம் வந்தது. எந்தப் பொதுக் கட்டடமானாலும் வணிகக் கட்டடமானாலும், வரைபடத் தொகுப்பில் ஒரு தாள் கூடுதலாகச் சேர்க்கிறோம். இந்தக் கட்டடம் இருபது ஆண்டு கழித்து வேறொன்றாக மாற வேண்டி வந்தால் எதற்கு ஒத்துவரும், எதற்கு ஒத்துவராது என்று அதில் வரைந்தும் எழுதியும் காட்டுகிறோம். தளத்தில் எந்த இடங்களைத் துளைக்கலாம் என்று முன்கூட்டியே குறித்து, அந்த இடங்களில் வடம் ஓடாதபடி பொறியாளரிடம் கேட்டுக்கொள்கிறோம். ஒரு லிஃப்டையாவது ஸ்ட்ரெச்சர் நுழையும் ஆழத்தில் வைக்கிறோம். முக்கிய வராந்தாவை, இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் எதிரெதிரே வந்தால் விலகிப் போகும்படி 2.4 மீட்டர் அகலமாக்குகிறோம்; அலுவலகத்துக்கு அது தாராளம் என்று வாடிக்கையாளர் முணுமுணுப்பார். குழாய்கள் மாடிக்கு மாடி ஏற, மேலிருந்து கீழ்வரை காலியான செங்குத்து வழிகள் விடுகிறோம்.

அந்தக் காலி வழிகள்தான் ஒவ்வொரு திட்டத்திலும் சண்டைக்குக் காரணம். போன ஆண்டு போரூரில் ஒரு கடை வளாகம். நான்கு மாடி, மாடிக்கு மூன்று காலி வழிகள், ஒவ்வொன்றும் 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டர். உரிமையாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மாடிக்கு 90 சதுர அடிக்கும் மேல், நான்கு மாடிக்கு 370 சதுர அடி, மாதா மாதம் வாடகை வராத இடம். "காற்றுக்கா நான் வரி கட்டுவது, ஐயா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர் வங்கிக் கடனில் கட்டுகிறார். நான் வடபழனித் தரையின் நீலக் கோடுகளைக் கைப்பேசியில் காட்டினேன். ஓமந்தூராரையும் கோட்டூர்புரத்தையும் சொன்னேன். அவர் மகள் கோட்டூர்புரத்தில் உட்கார்ந்துதான் போட்டித் தேர்வுக்குப் படித்தாளாம்.

மூன்றில் இரண்டை விட்டு வைக்கச் சம்மதித்தார். மூன்றாவது இப்போது ஒரு செருப்புக் கடையின் சரக்கு அறை. அந்த இடத்தில் மட்டும் தளத்தைத் தனித் துண்டாக, பிற்காலத்தில் எடுத்துவிடும்படி, ஓரத்தில் கம்பியைத் துண்டித்துப் போடச் சொல்லியிருக்கிறோம்.